ஏழு மாதத் தாமதமும் எங்கள் தாமதமும்

"புதுப் பரிசோதனை வந்த பிறகு செய்வம், டொக்டர்." 2017ஆம் ஆண்டில் ஸ்பிரிங்வேல் பகுதிப் பெண்களிடம் நாங்கள் பல தடவை கேட்ட பதில் இது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனைக்குப் பதிலாகப் புதிய முறை வரப்போகிறது என்ற செய்தி அப்போது பரவியிருந்தது. ஆனால் குறித்த நாளில் அது வரவில்லை. அந்தத் தாமதம் ஏன் ஏற்பட்டது, அதிலிருந்து நாம் என்ன அறிந்துகொள்ளலாம் என்பதை இம்முறை பார்ப்போம்.

அவுஸ்திரேலியாவில் தேசியப் பரிசோதனைத் திட்டம் 1991இல் தொடங்கியது. பெண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாப் ஸ்மியர் செய்துவந்தனர். அதன் பயனாக இந்நோயும் அதனால் ஏற்படும் மரணங்களும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

இந்தப் புற்றுநோய் ஏறத்தாழ எல்லோரிலும் எச்.பி.வி. என்ற வைரசினாலேயே உண்டாகிறது. உடலுறவினால் தொற்றும் இந்த வைரஸ் மிகச் சாதாரணமானது. பெரும்பாலானோரின் உடல் ஒன்றிரண்டு வருடங்களில் அதைத் தானாகவே அகற்றிவிடும். சிலரில் மாத்திரம் அது நிலைத்து நின்று, கர்ப்பப்பைக் கழுத்தின் கலங்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. அது புற்றுநோயாக மாற வழக்கமாக 10 முதல் 15 வருடங்கள் எடுக்கும். பாப் ஸ்மியர் மாறிவிட்ட கலங்களைத் தேடியது. புதிய பரிசோதனை அதற்கு முன்னரே வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது. அதனால்தான் இரண்டு வருட இடைவெளி ஐந்து வருடமாயிற்று.

நிபுணர் குழு இந்த மாற்றத்தை 2014இல் பரிந்துரைத்தது. 2017 மே 1ஆம் திகதி தொடங்குவதாகத் திட்டம். ஆனால் அது 2017 டிசம்பர் 1ஆம் திகதிதான் ஆரம்பமானது. பரிசோதனையில் எந்தக் குறையும் இருக்கவில்லை. தயாராகாமல் இருந்தது பதிவேடு. அதுவரை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வைத்திருந்த பதிவேடுகளை ஒன்றாக்கி, ஒரே தேசியப் பதிவேடு அமைக்கும் பொறுப்பு 2016இல் டெல்ஸ்ட்ரா ஹெல்த் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்த வேலை குறித்த காலத்தில் முடியவில்லை.

ஒரு பதிவேட்டுக்காக இவ்வளவு காத்திருக்க வேண்டுமா என்று கேட்கலாம். ஐந்து வருடம் நீண்ட இடைவெளி. யாருக்கு எப்போது பரிசோதனை, யாருடைய முடிவில் வைரஸ் காணப்பட்டது, யார் மீண்டும் வரவில்லை என்று கவனித்து நினைவூட்ட ஆள் இல்லாவிட்டால், பெண்கள் தவறிவிடுவார்கள். பதிவேடுதான் இத்திட்டத்தின் ஞாபகசக்தி.

தாமதத்தின் பாதிப்பு இரண்டு பக்கமும் இருந்தது. பாப் ஸ்மியர் கண்ணாடித் தகடுகளைப் பார்க்கும் ஆய்வுகூட ஊழியர்கள் சிலர், இனி வேலை குறையும் என்று முன்னரே விலகியிருந்தனர். சில பெண்களோ தவணை வந்தும் "புதுசு வரட்டும்" என்று இருந்துவிட்டனர். தவணை வந்தவர்கள் காத்திருக்காமல் பாப் ஸ்மியர் செய்துகொள்ள வேண்டும் என்பதே அப்போதைய அறிவுரை.

அரசாங்கத்தின் தாமதம் ஏழு மாதங்கள். எங்கள் சமூகத்தில் சிலருடைய தாமதம் பதினைந்து, இருபது வருடங்கள். ஊரில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் நடந்தாலும், போரிலும் இடப்பெயர்விலும் அகப்பட்ட பலருக்கு அங்கே போக வழியிருக்கவில்லை. இங்கு வந்த பிறகு வீடு, வேலை, பிள்ளைகள் என்று காலம் போய்விடுகிறது. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை", "மாதவிடாய் நின்றுவிட்டது", "அவர் இறந்து பத்து வருடமாயிற்று", "வெட்கமாக இருக்கு" என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். வைரஸ் பல வருடங்கள் சத்தமில்லாமல் உடலில் இருக்கக்கூடும். ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இராது. இந்நாட்டில் இப்புற்றுநோய் வரும் பெண்களில் 70 வீதத்துக்கும் மேற்பட்டோர் ஒருபோதும் பரிசோதனை செய்யாதவர்கள் அல்லது தவணை தவறியவர்கள்.

வெட்கத்துக்கும் இப்போது வழியுண்டு. 2022 ஜூலை 1ஆம் திகதி முதல், மாதிரியைத் தாங்களே எடுக்கும் முறையை எல்லாப் பெண்களும் தெரிவுசெய்யலாம். கிளினிக்கில் திரைக்குப் பின்னால், மெல்லிய பஞ்சுக் குச்சியை யோனிக்குள் சில சென்ரிமீற்றர் செலுத்திச் சிறிது நேரம் சுழற்றி எடுத்தால் போதும். வேறு எவரும் பார்க்க வேண்டியதில்லை. வைரசைக் கண்டுபிடிப்பதில் வைத்தியர் எடுக்கும் மாதிரிக்கு இது குறைந்ததல்ல.

வைரஸ் இருப்பதாக முடிவு வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. 16, 18 ஆகிய வகைகள் என்றால் கர்ப்பப்பைக் கழுத்தைக் கருவி மூலம் பெரிதாக்கிப் பார்க்க நிபுணரிடம் அனுப்புவோம். வேறு வகையென்றால் கலங்களையும் பரிசோதித்து, பெரும்பாலும் ஒரு வருடத்தின் பின் மீண்டும் பார்ப்போம். கணவரைச் சந்தேகிக்கவும் இது காரணமல்ல. தொற்று எப்போது வந்தது என்று சொல்ல முடியாது.

கவனிக்க வேண்டியவை:

• 25 முதல் 74 வயது வரை, எப்போதாவது உடலுறவு கொண்ட எல்லாப் பெண்களுக்கும் பரிசோதனை அவசியம். தடுப்பூசி போட்டவர்களுக்கும் தான்.

• கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள் தமக்குத் தேவையா என்று வைத்தியரிடம் கேட்கவும்.

• உடலுறவின் பின் அல்லது மாதவிடாய் நின்ற பின் இரத்தம் பட்டால், தவணையைப் பார்க்காமல் உடனே வைத்தியரிடம் செல்லவும்.

• வீடு மாறினால் மெடிகெயாருக்குப் புதிய முகவரியை அறிவியுங்கள். நினைவூட்டல் கடிதம் பழைய வீட்டுக்குப் போனால் பயனில்லை.

• மொழி தடையென்றால் 131 450 இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பெண் வைத்தியரையோ தாதியையோ கேட்கவும் தயங்க வேண்டாம்.

2035ஆம் ஆண்டுக்குள் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிப்பது அவுஸ்திரேலியாவின் இலக்கு. அதில் எங்கள் அம்மாமாரும் அக்காமாரும் விடுபட்டுப் போகக்கூடாது. கடைசியாக எப்போது பரிசோதனை செய்தீர்கள் என்று ஞாபகமில்லாவிட்டால், இந்தக் கிழமையே உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். உங்கள் தவணை பதிவேட்டில் இருக்கும்.