அறிக்கை அமைக்கும் முறை: போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தை கற்பிக்கும் பாடம்

சில ஏக்கர் நிலமுடையவர் தம் பயிரின் நிலையைக் காலையில் வரப்பின்மேல் நடந்து கண்டு கொள்ளலாம். பல தாலுகாக்களில் நிலமும், பல ஊர்களில் கிடங்குகளும், ஆயிரக்கணக்கான ஆட்களும் கொண்ட ஒரு பெரிய ஸ்தாபனத்தின் தலைவருக்கு அது இயலாது. அவர் காண்பதெல்லாம் அறிக்கை வாயிலாகவே. அறிக்கை சொல்லாததை அவர் அறியார். அறிக்கை தவறாய்ச் சொன்னதை மெய்யென்றே கொண்டு உத்தரவிடுவார். ஆகையால் அறிக்கையை எவ்வாறு அமைப்பது என்பது எழுத்து வேலை மட்டுமன்று. அது நிர்வாகத்தின் கண்ணை அமைக்கும் வேலையாகும்.

வர்த்தக உலகத்தார் இதனைப் 'பிசினஸ் இன்டெலிஜன்ஸ்' என்பர். ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1958-ல் இப்பெயரைத் தலைப்பிலேயே கொண்ட ஒரு கட்டுரையை வெளியிட்டார். இன்று இவ்வேலையைக் கணிப்பொறிகள் கண நேரத்தில் செய்கின்றன. எனினும் பொறி மாறினதேயன்றி விதிகள் மாறவில்லை. அவ்விதிகளை அறிய நாம் தூரதேசம் செல்ல வேண்டுவதில்லை. போடிநாயக்கனூரின் ஏலக்காய்ச் சந்தையும் நம் கிராமக் கணக்குமே போதும்.

ஐந்து எண்கள் கொண்ட அறிக்கை

1965-ஆம் வருஷத்து ஏலக்காய்ச் சட்டத்தின்படி 1966-ல் ஏலக்காய் வாரியம் ஏற்பட்டது. 1987-ல் அது நறுமணப் பொருள் வாரியத்துடன் சேர்க்கப்பட்டது. 2007-ல் போடிநாயக்கனூரிலும் மலைமேல் வண்டன்மேட்டிலும் கணிப்பொறி மூலம் விலை கேட்கும் ஏலமுறை புகுத்தப்பட்டது. ஒவ்வோர் ஏலத்திற்கும் வாரியம் வெளியிடும் அறிக்கை மிகச் சிறியது. தேதியும் ஏலம் நடத்தியவர் பெயரும் நீங்கலாக அதில் ஐந்தே எண்கள் உள்ளன: எத்தனை லாட்டுகள், வரத்து எத்தனை கிலோ, விற்றது எத்தனை கிலோ, உச்ச விலை, சராசரி விலை.

இவ்வைந்தும் ஐந்து கேள்விகளுக்கு விடையாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். வரத்துக்கும் விற்பனைக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாயின் அன்று வாங்குவோர் தயங்கினர் என்றோ, விற்போர் விலை போதாதென்று சரக்கை நிறுத்திக்கொண்டனர் என்றோ அறியலாம். அடுத்த ஏலத்திற்குக் காயை அனுப்புவதா, ஸ்டோரில் வைத்திருப்பதா என்று தோட்டக்காரர் முடிவு செய்ய இது உதவும். இதுவே முதல் விதி: யார், எப்பொழுது, என்ன முடிவு செய்ய வேண்டியிருக்கிறார் என்பதை முதலில் கேட்டு, அதன்பின் கலங்களைக் கோடிட வேண்டும். முடிவுக்கு உதவாத கலம், எழுதுவோர் காலத்தையும் படிப்போர் கவனத்தையும் வீணாக்கும்.

சொல்லின் பொருளை வரையறுத்தல்

இரண்டாவது விதி, ஒவ்வொரு கலத்திற்கும் ஒரே பொருள் இருத்தல். போடியில் விற்பனையாகும் காய் போடியில் விளைந்ததென்று கொள்ளுதல் பெரும் பிழை. அதன் பெரும்பகுதி கேரளத்தின் இடுக்கி ஜில்லாவிலுள்ள ஏலமலைத் தோட்டங்களிலிருந்து வருவது. தோட்டக்காரர் குடியிருப்பது போடியில், தோட்டம் இருப்பது உடும்பஞ்சோலை தாலுகாவில், விற்பது போடியிலோ புற்றடியிலோ என்ற நிலை இங்கே சாதாரணம். ஆகவே 'ஊர்' என்று ஒரே கலம் வைத்தால் மூவர் மூன்று விதமாய் நிரப்புவர். விளைந்த ஊர், விற்ற ஊர், உடையவர் ஊர் என மூன்று கலங்கள் வேண்டும்.

அவ்வாறே, ஓர் ஏலத்தில் விலைபோகாத லாட்டு மறு ஏலத்திற்கு வருமாயின் வரத்தில் அது இருமுறை ஏறும். வியாபாரி வாங்கிய சரக்கையே மீண்டும் ஏலத்திற்கு அனுப்பினால் விற்பனையிலும் இருமுறை ஏறும். ஆகையால் ஏலங்களின் கூட்டுத்தொகையை அவ்வருஷத்து மகசூல் என்று எழுதிவிடலாகாது. எண் சரியாயிருந்தும் பெயர் தவறாயின் அறிக்கை பொய்யாகும்.

உச்சமும் சராசரியும்

2018 ஆகஸ்டு மாதத்துப் பெருமழையில் ஏலமலைத் தோட்டங்கள் சேதமடைந்தன. அடுத்த வருஷம் காய் அருகியது. 2019 ஆகஸ்டில் ஒரு லாட்டு கிலோ 7,000 ரூபாய்க்கு விற்றது. ஊரெங்கும் அவ்வெண்ணே பேசப்பட்டது. ஆனால் உச்ச விலை ஒரு லாட்டின் விலை. மற்றவர் கைக்கு வந்தது அதனிற் குறைவே.

சராசரியிலும் எச்சரிக்கை வேண்டும. உதாரணமாக, 20 கிலோ 3,000 ரூபாய் வீதமும், 180 கிலோ 2,000 ரூபாய் வீதமும் விற்றதென்று கொள்வோம். இரு விலைகளையும் கூட்டிப் பாதியாக்கினால் 2,500 ரூபாய். மொத்தத் தொகையாகிய 4,20,000 ரூபாயை 200 கிலோவால் வகுத்தால் 2,100 ரூபாய். பின்னதே மெய்யான சராசரி. முன்னதை நம்பிக் கடன் வாங்கியவர் கிலோவுக்கு 400 ரூபாய் ஏமாறுவார்.

கிராமக் கணக்கு எனும் அஸ்திவாரம்

இனி, இச்சந்தையினும் மிகப் பெரியதோர் அறிக்கை முறையைக் காண்போம். அதன் அடிப்படி நம் கிராமத்திலேயே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு சர்வே எண்ணிலும் என்ன பயிர், எவ்வளவு விஸ்தீரணம், எந்தப் பாசனம் என்று அடங்கலில் பதிவு செய்கிறார். ஜூலை முதல் ஜூன் வரையுள்ள பசலி ஆண்டே இதற்கு அளவு. அடங்கலிலிருந்து பிர்காவுக்கும், தாலுகாவுக்கும், ஜில்லாவுக்கும் தொகை ஏறி, முடிவில் மாகாணம் முழுமைக்குமான பருவ, பயிர் அறிக்கையாகிறது. 1980-ல் கர்ணம், மணியம் பதவிகள் நீக்கப்பட்ட பின்னும் இவ்வேணி நிற்கின்றது.

இதன் மதிப்பைப் பஞ்சங்களே போதித்தன. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சத்தின் பின், 1880-ஆம் வருஷத்துப் பஞ்சக் கமிஷன், விவசாயத் தகவல்களைத் திரட்டும் பொருட்டு மாகாணந்தோறும் விவசாய இலாகா வேண்டுமென்றது. வங்காளத்தில் ஜமீன்தாரி முறை நிலவியமையால் நம்மைப் போன்ற கிராமக் கணக்கு அமைப்பு அங்கில்லை. 1943-ல் பஞ்சம் வந்தபோது நாட்டில் எவ்வளவு நெல் உண்டென்று சொல்ல நம்பத்தக்க கணக்கில்லை. பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. எனினும் கண்ணில்லாத நிர்வாகம் காலத்தில் கை நீட்ட முடியவில்லை. விளைவை 'ரூபாய்க்கு இத்தனை அணா' என்று கண்மதிப்பாய்ச் சொல்லும் வழக்கத்துக்குப் பதிலாக, தற்செயலாய்த் தேர்ந்த வயலில் அளந்த இடத்தை அறுத்து எடை போடும் பயிர் அறுவடைச் சோதனை 1940-களில் பரவலாயிற்று.

தவறிய ஒரு வரியின் விலை

இது மேலதிகாரிகளுக்கு மட்டும் உரிய விஷயமன்று. 2016 முதல் நடைபெறும் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது பிர்காவின் சராசரி மகசூல் அறுவடைச் சோதனையால் கணிக்கப்படுகிறது. அது குறித்த அளவிற் குறைந்தால் இழப்பீடு வரும். பயிர் செய்ததற்கு அடங்கலே சாட்சி. மக்காச்சோளம் விதைத்த நிலம் அடங்கலில் தரிசென்று நின்றால், வறட்சி வந்த பின் எவ்வளவு முறையிட்டும் பயனில்லாமற் போகலாம். மேலே வரும் அறிக்கை எவ்வளவு அழகாயினும், அடியில் தவறிய வரியைத் தானே திருத்திக்கொள்ளாது.

ஆகவே மூன்றாவது விதி: ஒரு செய்தி, அது நிகழும் இடத்தில், கண்டவர் கையால், ஒரே முறை பதிவாக வேண்டும், மற்ற அறிக்கைகளெல்லாம் அப்பதிவின் தொகுப்பாகவே இருக்க வேண்டும். நான்காவது விதி: ஜில்லா எண்ணில் ஐயம் தோன்றினால் தாலுகா, பிர்கா, கிராமம், சர்வே எண் வரை படிப்படியாய் இறங்கிப் பார்க்க வழி இருக்க வேண்டும். ஐந்தாவது விதி: தொகுத்த அறிக்கை எழுதியவரிடமே திரும்பி வர வேண்டும். தாம் எழுதியது என்னவாயிற்று என்று காணாதவர் நாளடைவில் சென்ற வருஷத்து வரியையே நகலெடுப்பார்.

தோட்டத்தில் செய்யத்தக்கது

இவ்விதிகளைத் தோட்டக்காரர் தம் அளவில் இன்றே கைக்கொள்ளலாம். ஒவ்வொரு பறிப்பிற்கும் தேதி, தோட்டத்துப் பகுதி, ஆட்கள், பச்சைக்காய் எடை, உலர்ந்த காய் எடை, லாட்டு எண், விற்ற விலை ஆகியவற்றை ஒரே புத்தகத்தில் எழுதி வரவேண்டும். சாதாரணமாக 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோ உலர்காய் தரும். 500 கிலோ பச்சைக்குச் சுமார் 100 கிலோ கிடைக்க வேண்டிய இடத்தில் ஒரு பகுதியிலிருந்து மட்டும் 85 கிலோ வந்தால், முற்றாத காயைப் பறித்தனரா, உலர்த்துவதில் குறையா, எடையில் தவறா என்று அன்றே விசாரிக்கலாம். சித்திரையில் வருஷக் கணக்கைக் கூட்டும்போது அறிந்து பயனில்லை.

கிராம அதிகாரிகள் நிலத்தைக் காணாமல் அடங்கலை எழுதலாகாது. நிலமுடையோர் தம் பயிர் அடங்கலில் எவ்வாறு ஏறியிருக்கிறதென்று விதைத்த பருவத்திலேயே பார்த்து, தவறிருப்பின் உடனே திருத்தக் கேட்க வேண்டும். சென்னையிலுள்ளவர் நம் வயலைக் காண்பது அந்த ஒரு வரியில்தான்.