கைவழி வந்த முழவிசை

திருச்சிற்றம்பலம்



சீகாழிக்கு அணித்தே உள்ள திருக்கோலக்காவில் ஆளுடைய பிள்ளையார் பெற்ற பேற்றை நாம் அனைவரும் அறிவோம். அக்குழந்தை தன் பிஞ்சுக் கைகளைத் தட்டித் தாளமிட்டுப் பதிகம் பாடியது. கை சிவந்து நோகுமே என்று திருவுளம் இரங்கிய பெருமான் பொற்றாளம் ஈந்தருளினார். பொன்னில் ஓசை எழாதாகலின், உலகீன்ற அம்மை அதற்கு ஓசை கொடுத்தாள். ஓசைகொடுத்த நாயகி எனத் திருநாமமும் பூண்டாள். இவ்வரலாற்றில் நாம் பெரும்பாலும் எண்ணிப் பாராத செய்தி ஒன்று உண்டு. ஞானப்பால் ஊட்டிப் பாட்டை அருளிய பின்னரும், அப்பனும் அம்மையும் தாளத்தைத் தனியே மற்றொரு முறை அருள வேண்டியிருந்தது என்பதே அது.

தாளத்திற்கு நம் சமயம் தந்த இடம் சிறிதன்று. காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுத் திருப்பதிகத்தில் இறைவன் ஆடுகின்ற பொழுது ஒலிக்கும் கருவிகளை அடுக்கிக் கூறுங்கால் மத்தளத்தையும் தமருகத்தையும் குடமுழாவையும் மறவாது குறித்தார். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய முதலாம் இராசராசன் நியமித்தவர் 50 பேர் என்று கல்வெட்டுச் சொல்கிறது. அவருள் பாடுவோர் 48 பேர். எஞ்சிய இருவருள் ஒருவர் உடுக்கை வாசிப்பவர், மற்றவர் கொட்டிமத்தளம் வாசிப்பவர். பாடிய பதிகங்களை ஏடு காத்தது. முழக்கியவர் வாசிப்பை எந்த ஏடு காத்தது? அது ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்றாலன்றி நில்லாது. இன்று நான் விளக்கப் புகுந்த பொருள் அதுவே. நம் காலத்திற்கு மிக அணித்தான ஒரு குருபரம்பரையைக் கொண்டு அதனை விளக்குகிறேன்.

புதுக்கோட்டையில் மான்பூண்டியா பிள்ளை என்றொரு பெரியார் இருந்தார். அரண்மனையில் விளக்குப் பணி செய்தவர் என்று அவரைச் சொல்வர். கோயில் வாத்தியமாகிய தவிலின் வழியே தாளக் கணக்குகளைக் கற்று, கஞ்சிரா என்னும் சிறு கருவியைக் கருநாடக இசை மேடைக்குக் கொணர்ந்தவர் அவரே. அவர் வழியில் புதுக்கோட்டை தக்ஷிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் பெரும்புகழ் எய்தினார். அதே மரபில் வந்தவர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மைந்தரே 1908-இல் தோன்றி 1962-இல் மறைந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை.

சுப்பிரமணிய பிள்ளைக்கு இடக்கைப் பழக்கம் இருந்தது. மிருதங்கத்தில் வலந்தலை என்பது கரணை இட்ட முகம். நுண்ணிய சொற்கள் பிறப்பது அங்கே. தொப்பி என்பது கும்மென்று அதிரும் இடப்பக்க முகம். சுப்பிரமணிய பிள்ளைக்கு இவை கை மாறின. இடக்கையால் வலந்தலையை வாசிப்பவருக்கு அப்பிள்ளைப் பருவத்தில் தந்தையாரே சொல்லிக்கொடுக்கத் தயங்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. வித்துவானாக மேடை ஏறிய பின்னரும் இடர் தீரவில்லை. வலந்தலை சபையை நோக்கி இருக்கவேண்டுமாயின் அவர் பாடகரின் மறுபுறத்தில் அமரவேண்டும். பிடில் வாசிப்பவர் இடம் மாறவேண்டும். அதற்குச் சிலர் இசையவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணையாக நின்று, அவரைத் தம் கச்சேரிகளில் அமர்த்திக்கொண்டார். எந்தக் கை ஆகாதென்று சிலர் ஒதுக்கினரோ, அந்தக் கையே பின்னர் ஒரு பாணிக்குப் பெயர் தந்தது. தொப்பியில் எழுந்த கும்கி நாதமும், பிசகாத கணக்கும், சொற்களின் தெளிவும் அப்பாணியின் அடையாளங்கள்.

அவரிடம் பயின்றவருள் ஒருவர் திருச்சி சங்கரன். திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள பூவாளூரில் 1942-இல் பிறந்த அவர், முதலில் தம் உறவினரிடம் பாடம் தொடங்கிப் பின்னர் சுப்பிரமணிய பிள்ளையை அடைந்தார். பதின்மூன்றாம் வயதில் ஆலத்தூர் சகோதரர் கச்சேரியில் அரங்கேறினார். குருநாதர் மறைந்தபொழுது மாணவர்க்கு வயது இருபதளவே. அத்துணை இளமையில் ஆசானை இழந்தவர் கற்றதை வைத்துக்கொண்டு கச்சேரி வாசித்தே காலம் கழித்திருக்கலாம், அதுவும் குறையாகாது. பக்கவாத்தியம் என்பதே பெரும் பணி. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிள்ளையாரின் பதிகத்தை யாழில் இட்டுக்கொண்டு உடன் நடந்தாரே, அத்தகைய பணி அது. பாடுவார் உள்ளத்தை முன்னறிந்து, பாட்டை மூடாமல் தாங்கவேண்டும்.

ஆயினும் அவர் அதனோடு நின்றாரல்லர். 1971-இல் கனடா நாட்டின் டொராண்டோ நகர் சென்று, யார்க் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹிக்கின்ஸ் அவர்களோடு சேர்ந்து தென்னிந்திய இசைக் கல்வியைத் தொடங்கிவைத்தார். ஹிக்கின்ஸ் அமெரிக்கராய்ப் பிறந்தும் நம் இசையைக் கற்றுப் பாகவதர் என்று போற்றப்பட்டவர். 1984-இல் விபத்தொன்றில் காலமானார். சங்கரன் அப்பல்கலைக்கழகத்தில் நாற்பதாண்டுகளுக்குக் குறையாது கற்பித்தார்.

அங்கு வந்த மாணவர்க்குத் தமிழ் தெரியாது, கோயில் தெரியாது, தவிலோசை கேட்டு வளர்ந்த செவியும் கிடையாது. அவர்களுக்கு எங்ஙனம் கற்பிப்பது? நம் முன்னோர் வைத்த முறையே கைகொடுத்தது. கையில் வருமுன் வாயில் வரவேண்டும் என்பது அம்முறை. தா, தீ, தொம், நம் என்னும் சொற்களை நாவினால் சொல்லி, கையால் தாளம் போட்டுப் பழகிய பின்னரே தோலைத் தொடுவது. இச்சொற்கட்டு எந்நாட்டார் நாவிலும் ஏறும். தென்னிந்திய முழவு வாசிப்பின் நெறிகளை விளக்கி 1994-இலும், கொன்னக்கோல் கலையை விளக்கி 2010-இலும் அவர் நூல்கள் வெளியிட்டார். வாயும் கையுமாக வந்த கல்விக்கு ஏடும் துணையாயிற்று.

மூன்றாவது பணி இயற்றுதல். முழவுக் கலைஞர் எதனை இயற்றுவார் என்று அன்பர் சிலர் ஐயுறலாம். ஓர் எளிய கணக்கைக் காட்டுகிறேன். கையால் தாளம் போட்டுப் பாருங்கள். ஓர் எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரையாக, நான்கு எண்ணிக்கைக்கு 16 மாத்திரை. ததிங்கிணதொம் என்பது ஐந்து மாத்திரை. மும்முறை சொன்னால் 15. எஞ்சுவது ஒன்று. அந்த ஒன்றை முதலில் வாளா விட்டுப் பின் மும்முறை சொல்லி முடித்தால், அடுத்த அடி சரியாகச் சமத்தில் விழும். விட்ட அந்த ஒரு மாத்திரை மௌனத்திலேதான் முழுக் கணக்கும் நிற்கிறது. இதனைப் பல மடங்கு விரித்து, திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்னும் ஐந்து நடைகளிலும் புதிய கோர்வைகளைக் கட்டுவதே இயற்றுதல். சங்கரன் இவற்றோடு தில்லானாக்களும் இயற்றினார். சாவக நாட்டுக் கேமலான் என்னும் வெண்கல வாத்தியக் குழுவுக்கும் நம் லயக் கணக்கின்படி இசை அமைத்தார். சென்னை மியூசிக் அகாதெமி 2011-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. மிருதங்கக் கலைஞருள் அப்பட்டத்தை முதன்முதல் பெற்றவர் பாலக்காட்டு மணி ஐயர், அது 1966-இல்.

அன்பர்களே, டொராண்டோவில் உள்ளவர்கள் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து கற்ற கலைக்கு வேராகிய தவில், நம் கோயில் வாயிலிலேயே ஒலிக்கிறது. அதனை நாம் எவ்வாறு மதிக்கிறோம்? பிறரைக் குறை கூறுமுன் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முப்பது வயதிருக்கும்; ஒரு சிவாலயத் திருவிழாவில் என் சொற்பொழிவு. முன்னதாக மேளக் கச்சேரியில் முதிய தவில் வித்துவான் ஒருவர் தனி வாசித்துக்கொண்டிருந்தார். நேரமாகிறதென்ற பதற்றத்தில், நிறுத்தச் சொல்லும்படி ஓர் ஆளை அனுப்பினேன். அவர் கோர்வையின் இரண்டாம் முறையை வாசித்துக்கொண்டிருந்தார். அச்செய்தி கேட்டதும் கோலைக் கீழே வைத்தார், சந்நிதியை நோக்கிக் கும்பிட்டார், எழுந்து போனார். மூன்றாம் முறை வரவேயில்லை. அன்றைக்கு நான் பேசியது நாதத் தத்துவம் பற்றி! கூத்தப்பெருமானின் உடுக்கையிலிருந்தே படைப்புத் தோன்றுகிறது என்று விரித்துரைத்தேன், கேட்டவர்கள் மெச்சினார்கள். அப்பெரியவரை மறுநாள் தேடிச் சென்றேன். ஊருக்குப் புறப்பட்டுவிட்டார் என்றார்கள். அதன் பின் அவரைக் காணும் பேறு எனக்குக் கிட்டவில்லை. முடிவுறாத அந்தக் கோர்வை இன்றும் என் செவியில் இருக்கிறது.

ஆதலின் உங்களிடம் என் விண்ணப்பம் இது. இத்திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது தவில் தனி தொடங்கினால், எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசாதீர்கள். கையால் தாளம் போட்டுக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுள் ஒருவன் விரல்களால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தால், வலக்கையோ இடக்கையோ, அவனை அதட்டாமல் ஓர் ஆசானிடம் அழைத்துச் செல்லுங்கள். நாயன்மார் பாடல்களுக்குத் துணைநின்ற முழவிசை இனியும் வாழ்வதற்கு அந்தக் கையே வேண்டும். பொற்றாளத்திற்கு ஓசை கொடுத்த அம்மை அக்கைக்கும் அருள்புரிவாளாக.

திருச்சிற்றம்பலம்