மரத்திற்கு நோயில்லை: இலைக்கன் சொல்லும் செய்தி

பாரிஸ் லக்சம்பூர்க் பூங்காவின் மரங்களை அருகில் நின்று நோக்கிய வாசகர்கள், பட்டையின் மீது மஞ்சளும் சாம்பலுமாகப் படர்ந்திருக்கும் திட்டுகளைக் கண்டிருப்பர். மரத்திற்கு ஏதோ நோய் என்று எண்ணியோரும் உளர். நோயன்று. மரத்திடமிருந்து அவை உணவெதையும் உறிஞ்சுவதில்லை. ஒட்டியிருக்க இடம் மட்டுமே கேட்கின்றன.

நம் பாடசாலை நூல்களில் இவற்றை 'இலைக்கன்' என்று படித்தோம். பெயரைக் கேட்டதும் இலையோடு தொடர்புடையது என்று தோன்றும். உண்மையில் இதற்கு இலையுமில்லை, வேருமில்லை. 'லைக்கன்' என்பதன் ஒலிபெயர்ப்பே இது. லகரம் தமிழ்ச்சொல்லின் முதலில் வாராதாகையால் இகரம் முன்வந்து சேர்ந்தது. மூலம் கிரேக்கம். 'லெய்க்கேன்' என்னும் அச்சொல், நக்குதல் எனப் பொருள்தரும் வினையடியிற் பிறந்ததென்பர். மேற்பரப்பை நக்கியவாறு சுற்றிலும் பரவுவது என்பது கருத்து. தோலிற் பரவும் படைக்கும் கிரேக்கர் இப்பெயரையே வழங்கினர். மருத்துவர்கள் இன்றும் ஒரு தோல்நோயை 'லைக்கன் பிளேனஸ்' என்கின்றனர். ஆகவே மரத்திற்கு நோயென்று எண்ணியோரைக் குறைகூற வேண்டியதில்லை!

செட்டிநாட்டுச் சமையலிற் சேரும் கல்பாசியும் ஓர் இலைக்கனே. ஆனால் பாசி என்பது பாதி உண்மைதான். இலைக்கன் தனியோர் உயிரன்று. பங்கசு ஒன்றும் அல்கா ஒன்றும் கூடி நடத்தும் குடித்தனம். அல்கா சூரிய ஒளியில் உணவு ஆக்குகின்றது. பங்கசு அதனைச் சூழ்ந்து நின்று வெயிலினின்றும் வரட்சியினின்றும் காக்கின்றது. இவ்விரட்டைத் தன்மையை 1867இல் வெளியிட்டவர் சுவிற்சர்லாந்து நாட்டவரான சைமன் சுவெண்டனர். பங்கசுவை எசமானுக்கும் அல்காவை அடிமைக்கும் அவர் ஒப்பிட்டார். இலைக்கன் அறிஞர் பலர் சீறியெழுந்தனர்.

அவர்களுள் முதன்மையானவர் வில்லியம் நைலாண்டர். பின்லாந்திற் பிறந்து, 1863இல் தாய்நாட்டை விட்டுப் பாரிஸ் வந்து, 1899இல் இங்கேயே மறைந்தவர். சுவெண்டனரின் கொள்கையை அவர் இறுதிவரை ஏற்கவில்லை. அதில் அவர் தவறினார். ஆயினும் வேறொன்றை எவர்க்கும் முன்னரே கண்டுகொண்டார். லக்சம்பூர்க் பூங்காவில் செழித்த இலைக்கன்கள் நகரின் ஏனைய பகுதிகளில் இல்லாதிருப்பதைக் கவனித்து, இவை காற்றின் தூய்மையை அளக்கும் கருவி என்று 1866இல் எழுதினார்.

காரணம் எளியது. வேரில்லாத இலைக்கன் நீரையும் உப்புகளையும் மழையிலும் காற்றிலுமிருந்தே பெறுகின்றது. நச்சு வந்தால் வாயிலை மூட அதற்கு வழியில்லை. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகவீரொட்சைட்டு அதிலுள்ள அல்காவைக் கொன்றுவிடும். அந்நூற்றாண்டு முடிவதற்குள் அதே பூங்காவிலும் இலைக்கன்கள் அற்றுப்போயின.

நிலக்கரி எரிப்பது குறைந்து, கந்தகப் புகையும் தணிந்த பின்னர் அவை திரும்பி வந்தன. 1990களின் தொடக்கத்தில் அறிஞர்கள் அம்மரங்களில் மீண்டும் பல இனங்களைக் கண்டு பதிவு செய்தனர். இன்று நாம் காண்பவை அவ்வாறு மீண்டு வந்தவற்றின் வழியினவே.

எனினும் பிள்ளைகளோடு அங்கு செல்வோர் நிறத்தையும் சற்றுக் கவனிப்பது நன்று. மஞ்சள் நிற இலைக்கன் நைதரசன் மிக்க காற்றை விரும்புவது. வாகனப் புகையும் அதற்கு உரமாகும். மாசுக்கு மிக அஞ்சும் இனமோ தாடிபோல் கிளைகளில் தொங்குவது. அதனைக் காண நகரை விட்டு மலைக்காடுகளுக்கே செல்லவேண்டும்.