கட்டுக் காகிதத்தில் எது வீடு?

டீ வரட்டும். அதற்குள் அந்தக் கவரைப் பிரித்து மேசையில் பரப்புங்கள். தாராவியில் ரூம் வாங்கப் போகிறவர்களுக்கு விற்பவர் காட்டும் கட்டு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: நோட்டரி முத்திரை விழுந்த ஸ்டாம்ப் பேப்பர், ஒரு பவர் பத்திரம், பழைய லைட் பில், ரேஷன் கார்டு நகல், குடிசைவாசிக்கு அரசு தரும் அடையாள அட்டையான போட்டோ பாஸ், லேமினேட் செய்தது. கட்டின் கனத்தைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிடும். ஆனால் ஒவ்வொரு காகிதமும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அது எந்தக் கேள்வி என்று பார்த்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

லைட் பில்லை எடுங்கள். இந்த மீட்டருக்கு இன்னார் பெயரில் பில் போடப்பட்டது என்கிறது. வீடு அவருடையது என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் பழைய பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். தாராவியில் நிலத்தின் பெரும்பகுதி மும்பை மாநகராட்சியுடையது. ரூம் விற்பவரால் நிலத்தை விற்க முடியாது. அவர் கையில் இருப்பது 1971-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் குடிசைப் பகுதிச் சட்டம் தரும் பாதுகாப்பு மட்டுமே. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே உள்ள குடிசையில் இருப்பவரை மாற்று இடம் தராமல் வெளியேற்றக் கூடாது என்பது அதன் சாரம். அந்தத் தேதிக்கு முன்பே குடியிருந்ததைக் காட்டத்தான் பழைய பில்லும் வாக்காளர் பட்டியலும் போட்டோ பாஸும் வேண்டும். போட்டோ பாஸில் இருக்கிற முகம் விற்பவருடையதுதானா என்று பாருங்கள். வேறொருவர் முகம் இருந்தால், அவரிடமிருந்து இவர் கைக்கு எப்படி வந்தது, பாஸ் வழங்கிய அலுவலகத்தில் பெயர் மாறியதா என்று கேளுங்கள்.

மாடி ரூம் வாங்குகிறவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். இப்போது அதானி குழுமமும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000-க்கு முந்தைய தரைத்தள வீட்டுக்காரருக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். 2000-க்கும் 2011-க்கும் இடைப்பட்டவர்களுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு, தாராவிக்கு வெளியே. மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியேதான், அதுவும் வாடகையாகக் கட்டிக் கடைசியில் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில். ‘நாளைக்கு பில்டிங் வந்தா உங்களுக்கு ஃப்ளாட் நிச்சயம்’ என்று சொல்லி மாடி ரூமை விற்கிறவர் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை. கூலி வேலை செய்து பத்து வருஷம் சேர்த்த பணம் அந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை.

அடுத்தது பவர் பத்திரம். 2011 அக்டோபரில், சூரஜ் லேம்ப் வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பவரும் உயிலும் விற்பனை ஒப்பந்தமும் சேர்ந்தாலும் அசையாச் சொத்து கைமாறாது, பதிவான கிரயப் பத்திரம் வேண்டும். நோட்டரி முத்திரை என்பது இன்னார் என் முன்னால் கையெழுத்திட்டார் என்பதற்கு மட்டும் சாட்சி. ஸ்டாம்ப் பேப்பர் நூறு ரூபாயாக இருந்தாலும் ஐந்நூறாக இருந்தாலும் அதில் மாற்றமில்லை.

சரி, செம்பூரிலோ மாட்டுங்காவிலோ சொசைட்டி ஃப்ளாட் என்றால் கவலையில்லையா? அங்கே காகிதம் வேறு, கேள்வி அதேதான். திருநெல்வேலிப் பக்கம் பட்டா, வில்லங்கச் சான்று என்று பழகியவர்களுக்கு இங்கே முதலில் கைக்கு வருவது ‘இன்டெக்ஸ் டூ’. பதிவான ஒப்பந்தத்தின் சுருக்கம், மராத்தியில் இருக்கும். கொடுத்தவர், வாங்கியவர், தொகை, பரப்பளவு, பதிவு எண், தேதி எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, ஒப்பந்தத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். முதல் பில்டரிடமிருந்து இன்றைய விற்பவர் வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பதிவான ஒப்பந்தம் இருக்க வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் அங்கேயே நிறுத்துங்கள். பதிவாகிவிட்டதாலேயே உரிமை உறுதி என்றும் நினைக்க வேண்டாம். உரிமையை விசாரிப்பது சார்பதிவாளர் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் கூறியது.

சொசைட்டி தரும் ஷேர் சர்டிபிகேட்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பெயர் மாற்றங்கள் அங்கேதான் இருக்கும். அப்பா இறந்து, நாமினியான மூத்த மகன் விற்கிறார் என்றால், நாமினி வாரிசுகளுக்காக வைத்திருப்பவரே தவிர முழு உரிமையாளர் அல்ல. தம்பி, தங்கைகளின் கையெழுத்தும் வேண்டும்.

கட்டடத்துக்கு ஓசி, அதாவது குடியிருக்கலாம் என்று மாநகராட்சி தரும் சான்றிதழ், இருக்கிறதா என்பதை எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறார்கள். வொர்லி கேம்பா கோலா காம்பவுண்டில் எண்பதுகளில் அனுமதிக்கு மேல் எழுப்பிய தளங்களில் வாங்கியவர்கள் பல வருஷம் குடியிருந்தார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தளங்களை இடிக்கும் உத்தரவை உறுதி செய்தது. 2014 ஜூனில் அந்த வீடுகளுக்குத் தண்ணீர், கரண்ட், கேஸ் மூன்றும் துண்டிக்கப்பட்டன. அதோடு, நீங்கள் வாங்கப் போகும் பில்டிங் நிற்கும் நிலம் யார் பெயரில் என்பதை, நிலப் பதிவேடான பிராப்பர்ட்டி கார்டில் பாருங்கள். சொசைட்டி பெயருக்கு மாறாமல் பழைய நிலக்காரர் பெயரிலேயே கிடக்கும் கட்டடங்கள் மும்பையில் ஏராளம்.

டோக்கன் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றின் ஒரிஜினலையும் கேளுங்கள். வங்கியில் அடகு இருக்கிறது என்றால் வங்கிக் கடிதத்தைக் கேளுங்கள். விற்பவரோ ஏஜெண்டோ கூட்டி வராத, நீங்களே தேடிப் பிடித்த வக்கீலிடம் முப்பது வருஷப் பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள். அவர் எழுத்தில் தரும்வரை ஒரு ரூபாயும் கை மாற வேண்டாம்.