டாக்டர் மட்டும்தானா ஆஸ்பத்திரி?

மருத்துவத் துறையில் பிள்ளைகளுக்குக் காத்திருக்கும் பல வாசல்கள்

மே மாதம் வந்துவிட்டால் நம் ஊர்களில் வெயிலோடு இன்னொரு சூடும் ஏறிவிடுகிறது. பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியாகும் மாதம் அது. கடைத்தெருவில், பஸ் நிலையத்தில், கல்யாணப் பந்தியில் எங்கும் ஒரே கேள்விதான்: “தம்பி, எத்தனை மார்க்? அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?”

பிள்ளை உயிரியல் பாடம் எடுத்துப் படித்திருந்தால், கேட்கிறவரே பதிலையும் சொல்லிவிடுகிறார்: “டாக்டருக்குத்தானே?”

ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும் அல்லவா? 2025-ம் ஆண்டு ‘நீட்’ தேர்வு எழுதியவர்கள் இந்தியா முழுவதும் சுமார் 22 லட்சம் பேர். நாட்டில் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம். அதாவது, பதினேழு பதினெட்டுப் பேர் எழுதினால் ஒருவருக்கு இடம் உண்டு. மற்றவர்கள்?

சிலர் மறுபடியும் எழுதுகிறார்கள். ஒரு வருஷம் போகிறது; இரண்டு வருஷம் போகிறது. சில வீடுகளில் நிலத்தை விற்று வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே பட்டம் வாங்கினாலும், இங்கே திரும்பி வந்து இன்னொரு தேர்வில் தேறினால்தான் வைத்தியம் செய்யலாம் என்பது பலருக்குப் பிறகுதான் தெரிய வருகிறது. இன்னும் சிலர், “டாக்டராக முடியவில்லை, இனி எது படித்தால் என்ன?” என்று மனம் வெறுத்து, யாரோ சொன்ன ஒரு படிப்பில் யாரோ நடத்தும் ஒரு கட்டடத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

இந்த மூன்றாவது வகைப் பிள்ளைகளை நினைத்துத்தான் இந்தக் கட்டுரை. டாக்டர் வேலை ஒன்றுதான் வைத்தியம் என்று எண்ணுவதால், மற்ற படிப்புகளை நாம் விசாரிப்பதே இல்லை. விசாரிக்காமல் சேர்வதால் பணமும் போகிறது, வயதும் போகிறது.

ஒரு நோயாளி, பத்துக் கைகள்

நடு இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் 108-க்குப் போன் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய சேவை அது. வண்டியில் வருகிறவர் டாக்டர் அல்ல. அவசர சிகிச்சைப் பயிற்சி பெற்ற உதவியாளர். பிராணவாயு கொடுத்து, நாடி பார்த்து, ஆஸ்பத்திரி வரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எதிர்கொள்கிறார். இ.சி.ஜி. எடுப்பவர் ஒருவர். ரத்தத்தைச் சோதித்துச் சொல்பவர் ஒருவர். டாக்டர் வந்து நோயை நிதானித்து, சிகிச்சையைத் தீர்மானிக்கிறார். அவர் எழுதிய மருந்தைச் சரிபார்த்துக் கொடுப்பவர் ஒருவர். ஆபரேஷன் தேவைப்பட்டால் அங்கே கருவிகளைக் கவனிக்கத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். பிழைத்து எழுந்த பிறகு, மெல்ல மெல்ல நடக்கப் பழக்குவதற்கு இன்னொருவர்.

டாக்டர் அந்தக் கட்டிலருகே நிற்பது சில நிமிஷங்கள். நர்ஸோ இரவு முழுவதும் இருக்கிறார். இவர்களில் ஒருவர் தவறினாலும் மற்றவர்கள் பாடுபட்டது வீண்தான்.

மதுரையும் வேலூரும்

இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல என்பதற்கு மதுரையிலேயே சாட்சி உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி, இளமையில் வந்த மூட்டு நோயினால் விரல்கள் வளைந்து போனவர். அந்த விரல்களாலேயே கண் ஆபரேஷன் செய்யப் பழகினார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் பதினோரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார்.

பின்னாளில் அங்கே லட்சக்கணக்கானவர்களுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது எப்படி? கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைச் சேர்த்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்தார்கள். பார்வை அளப்பது, நோயாளியைத் தயார் செய்வது, ஆபரேஷனில் கூட நின்று உதவுவது என்று பெரும்பகுதி வேலையை அந்தப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் ஆபரேஷனை மட்டும் கவனித்துவிட்டு அடுத்த மேஜைக்குத் திரும்பிவிடலாம். அந்தப் பெண்கள் இல்லாவிட்டால் அத்தனை பேருக்குக் கண் திறந்திருக்காது.

வேலூரைப் பாருங்கள். 1900-ல் ஒரே ஒரு படுக்கையுடன் வைத்தியம் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், 1909-ல் நர்ஸுகளுக்கான பள்ளியைத் திறந்தார். பெண் டாக்டர்களுக்கான பள்ளி வந்தது அதற்குப் பின், 1918-ல்! நர்ஸ் இல்லாமல் ஆஸ்பத்திரி நடக்காது என்பதை அனுபவத்தில் கண்டவர் அவர். 1946-ல் நர்ஸ் தொழிலுக்குப் பட்டப் படிப்பும் அங்கே வந்தது.

அதே வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், 1948 முதல் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்து விரல்களை நிமிர்த்தினார். ஆனால் கத்தி வேலை முடிந்தவுடன் கை வேலை செய்துவிடாது. வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்து அந்த விரல்களை மறுபடி அசையப் பழக்கியவர்கள் உடற்பயிற்சி சிகிச்சை நிபுணர்கள். இன்று பிசியோதெரபி என்று நாம் சொல்வது அதைத்தான்.

எந்த வேலைக்கு எந்தக் குணம்?

“எந்தப் படிப்புக்கு மவுசு அதிகம்?” என்று கேட்பதைவிட, “என் பிள்ளையின் சுபாவம் எதற்கு ஏற்றது?” என்று கேட்பது நல்லது.

நர்ஸ் வேலைக்கு முதலில் வேண்டியது பொறுமை. நின்றுகொண்டே வேலை, இரவு டூட்டி உண்டு, பண்டிகை நாளிலும் டூட்டி உண்டு. வலியில் இருப்பவர் சுடுசொல் சொன்னால் தாங்கிக்கொள்ள வேண்டும். பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு ஆண்டு. டிப்ளமா மூன்று ஆண்டு. டிப்ளமா படித்தவர் பிறகு இரண்டு ஆண்டு படித்துப் பட்டமும் பெறலாம். இது பெண்களுக்கான வேலை மட்டும் என்பது பழைய எண்ணம், ஆண்களும் படிக்கிறார்கள்.

பலர் முன்னிலையில் பேசக் கூச்சம், ஆனால் கண்ணும் கையும் நிதானம் என்றால் ரத்தப் பரிசோதனைக் கூடம் பொருந்தும். மனித ரத்தம் எல்லாம் ஒரே இனம் அல்ல என்பதை 1901-ல் வியன்னா நகரத்து விஞ்ஞானி கார்ல் லாண்ட்ஸ்டைனர் எடுத்துக் காட்டினார். அன்று முதல், ரத்தம் ஏற்றும் ஒவ்வொரு முறையும் ஓர் உயிர் லேப் டெக்னீஷியனின் கவனத்தில் இருக்கிறது. குழாயில் ஒட்டிய சீட்டு மாறினால் போதும், விபரீதம்தான். “பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லும் சுபாவம் உள்ளவர்களுக்கு அங்கே இடமில்லை.

இயந்திரங்களில் நாட்டம் உள்ளவர்களுக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் பிரிவு உண்டு. 1895-ல் ரான்ட்ஜன் கண்டுபிடித்த கதிர் எலும்பைக் காட்டும். அளவு மீறினால் உடம்பைக் கெடுக்கவும் செய்யும். ஆகவே அங்கே வேலை செய்பவர்கள் தங்கள் மேல் பட்ட கதிரின் அளவைக் காட்டும் சிறு பட்டையை மார்பில் அணிகிறார்கள். விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவர்களுக்கே இந்த வேலை.

மருந்துப் படிப்பில் ஒரு சௌகரியம்: உயிரியல் படிக்காமல் கணிதம் படித்தவர்களும் சேரலாம். டிப்ளமா இரண்டு ஆண்டு. அதோடு 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி. பி.பார்ம். நான்கு ஆண்டு. டிப்ளமா முடித்தவர் நேராக பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் சேரலாம். அந்தக் காலத்துக் கம்பவுண்டர் மிக்சர் கலக்கியதோடு சரி. இன்றைய பார்மசிஸ்டோ ஒரு மருந்து இன்னொரு மருந்தோடு சேரலாமா என்பது வரை அறிந்திருக்க வேண்டும். மருந்துக் கம்பெனிகளிலும் இவர்களுக்கு வேலை உண்டு.

பிசியோதெரபிக்கு உடல் வலுவும் வேண்டும், பேச்சில் இதமும் வேண்டும். பக்கவாதம் வந்த பெரியவர், “என்னால் முடியாது, அம்மா” என்று கண் கலங்கும்போது, “இன்னும் ஓர் அடி, தாத்தா” என்று சொல்லத் தெரிய வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இவர்கள் வீடு தேடிப் போய்ச் சிகிச்சை அளிக்கிறார்கள்.

இவை தவிர, கண்ணாடிக்குப் பார்வை அளப்பவர், டயாலிசிஸ் பிரிவில் இருப்பவர், ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டருக்கு உதவுபவர் என்று இன்னும் பல வேலைகள் உண்டு. சித்த வைத்தியத்தில் பட்டம் பெற விரும்புவோருக்கு, 1964-ல் தொடங்கிய பாளையங்கோட்டைக் கல்லூரி முதலியவை இருக்கின்றன. ஆனால் அதற்கும் ‘நீட்’ எழுத வேண்டும்.

“ரத்தத்தைக் கண்டால் எனக்கு மயக்கம் வருகிறதே!” என்று சில பிள்ளைகள் பயப்படுவார்கள். அது பழகப் பழகப் போய்விடும். பிறர் வேதனையைக் கண்டு எரிச்சல் வருகிறது என்றால்தான் யோசிக்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்

மேலே சொன்னதைவிட முக்கியமானது இனிமேல்தான்.

பளபளக்கும் போர்டு, ஆறு மாதத்தில் ஸர்டிபிகேட், “வேலைக்கு நாங்கள் உத்தரவாதம்” என்ற விளம்பரம் — இவற்றை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: “இதைப் படித்தால் எந்தக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்வார்கள்?”

மருந்துத் தொழிலுக்கு 1948-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்றவர்தான் டாக்டரின் சீட்டுக்கு மருந்து கொடுக்கலாம். நர்ஸ் தொழிலுக்கு 1947-ம் ஆண்டுச் சட்டப்படி இந்திய நர்ஸிங் கவுன்சில் ஏற்பட்டது. அதற்குப் பதிலாகத் தேசியக் கமிஷன் அமைக்க 2023-ல் புதிய சட்டம் நிறைவேறியது. லேப், எக்ஸ்ரே, பிசியோதெரபி போன்ற தொழில்களுக்கு நெடுநாள் வரை நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இல்லை. அந்தக் குறை 2021-ல் வந்த தேசியச் சட்டத்தினால் தீர்ந்தது. ஆகவே அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்துவிட்டு, ‘அனுபவம் இருக்கிறது’ என்று சமாளிக்கலாம் என்ற எண்ணம் இனிச் செல்லாது.

தபால் மூலமும், வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் மூலமும் இந்தப் படிப்புகளைப் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். 2021-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை அந்த முறையில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் தடை செய்துவிட்டது. நாடி பார்ப்பதைத் தபாலில் கற்க முடியுமா?

இரண்டாவது கேள்வி: “பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி?” நோயாளிகள் வராத ஆஸ்பத்திரியில் பயிற்சி என்பது தண்ணீர் இல்லாத குளத்தில் நீச்சல் கற்பது போல. ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள். அவர்கள் சொல்வதை எந்த விளம்பரமும் சொல்லாது.

மூன்றாவது: மொத்தச் செலவு எவ்வளவு? கல்லூரிக் கட்டணம், விடுதி, சீருடை, புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்தவுடன் கையோடு வாங்கி வாருங்கள்.

தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. நர்ஸிங், பி.பார்ம். படிப்புகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே இடம் கொடுத்து வந்திருக்கிறார்கள். அரசாங்கக் கல்லூரிகளில் கட்டணமும் குறைவு. ஆனால் விதிகள் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டு அரசாங்கத் தேர்வுக் குழு வெளியிடும் விளக்கக் குறிப்பை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு விண்ணப்பம் போடுவதே முறை. கடைசித் தேதியைத் தவறவிட்டு, பிறகு தரகரைத் தேடி அலைவதில் பயனில்லை.

சம்பளம் எப்படி?

இதை மறைப்பதற்கில்லை. பல தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் குறைவுதான், உழைப்போ அதிகம். அரசாங்க வேலைக்கு, 2012-ல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. போட்டி பலமாக இருக்கும். இரண்டு மூன்று வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் அனுபவம் பெற்று, மேற்படிப்பும் படித்தவர்களுக்கு நிலைமை மாறுகிறது. நர்ஸுகளுக்கு ஆங்கிலமோ ஜெர்மன் மொழியோ நன்றாக வந்தால் வெளிநாட்டு வாய்ப்பும் உண்டு. ஆகவே கடன் வாங்கும் பெற்றோர், முதல் வருஷச் சம்பளத்தைக் கணக்கிட்டுத் தவணை கட்ட முடியுமா என்று பார்த்துக்கொண்டு வாங்க வேண்டும்.

2020-ல் கொரோனா வந்தபோது, சொந்த உறவினரே கிட்ட வர அஞ்சிய நோயாளிகளுக்குக் கஞ்சி கொடுத்தவர்களும், தொண்டையில் சளி எடுத்துச் சோதித்தவர்களும் யார்? நர்ஸுகளும் லேப் டெக்னீஷியன்களும்தான். அன்று கை தட்டிய நாம், அதே வேலையை நம் வீட்டுப் பெண் படிக்கப் போகிறேன் என்றால் முகத்தைச் சுளிப்பது நியாயமா?

டாக்டர் இடம் கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் அது தோல்வி என்று பிள்ளையின் காதில் விழும்படி யாரும் பேச வேண்டாம். விண்ணப்பம் வாங்கும் முன், அந்தத் தொழிலில் பத்து வருஷமாக இருக்கும் ஒருவரிடம் பிள்ளையை அழைத்துப்போய் ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். அவர் சொல்லும் கஷ்டங்களைக் கேட்ட பிறகும், “எனக்கு இது பிடித்திருக்கிறது, அப்பா” என்று பிள்ளை சொன்னால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.