யானைக்கு 599.67, புலிக்கு 599.756

பள்ளி நூலகத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் 599.67 என்று எழுதிய சீட்டைக் கொடுத்து, யானையைப் பற்றிய புத்தகத்தை எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள். விலங்குகள் இருக்கும் அலமாரிக்கு நேராகப் போய்விடும். 599 தொடங்கும் இடத்தையும் பிடித்துவிடும். சிக்கல் அதற்கப்புறம்தான். திமிங்கிலம் இருக்கும் 599.5, குரங்கு இருக்கும் 599.8 இரண்டையும் தாண்டித் தட்டின் கடைசிக்குப் போய்த் தேடும். அதன் கணக்கில் 67 என்பது எட்டைவிடப் பெரிது. யானையோ திமிங்கிலத்துக்கும் குரங்குக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கும்.

பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. தசம எண்களைக் கணக்குப் பாடம் ஒழுங்காகத் தொடுவதற்கு முன்பே நூலகம் அவற்றைக் கையில் திணித்துவிடுகிறது. அதற்குத் தெரிந்த ஒரே புள்ளி ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவில் இருப்பது. அங்கே புள்ளிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு இலக்கம்தான். பெரிய எண் என்றால் பெரிய காசு.

இதற்குக் கணக்கு வாத்தியார் வர வேண்டியதில்லை, தமிழ் ஐயாவே போதும். அகராதியில் 'மகிழ்ச்சி' முன்னால் வருகிறது, 'மண்' பின்னால் வருகிறது. எந்தச் சொல் நீளம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டாம் எழுத்தில் 'ண'வுக்கு முன் 'க' வருகிறது, அவ்வளவுதான். புத்தக எண்ணையும் அப்படியே ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க வேண்டும். 599 வரை எல்லாம் ஒன்று. புள்ளிக்குப் பிறகு யானைக்கு 6, புலிக்கு 7. தீர்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது. அடுத்து எத்தனை இலக்கம் இருந்தாலும் கவலையில்லை. 'அறுபத்தேழு' என்று வாயால் சொல்லவே விடாமல், 'புள்ளி, ஆறு, ஏழு' என்று சொல்லிப் பழக்கினால் பாதிக் குழப்பம் அன்றே போய்விடும்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த மெல்வில் டியூயி என்ற இளைஞர் 1876இல் தன் பெயரைக்கூடப் போடாமல் 44 பக்கத்தில் இந்த எண் முறையை விளக்கும் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதற்கு முன் பல நூலகங்களில் ஒரு புத்தகத்தின் எண் என்றால் அது நிற்கும் இடத்தின் எண்: இத்தனையாவது அலமாரி, இத்தனையாவது தட்டு. புதிதாக நாலு புத்தகம் வந்து இடம் போதாமல் போனால் எல்லா எண்ணையும் அழித்து எழுத வேண்டியதுதான். டியூயி எண்ணைத் தட்டிலிருந்து பிரித்துப் புத்தகத்தின் பொருளோடு கட்டினார். அலமாரியை மாடிக்கே தூக்கிக்கொண்டு போனாலும் யானைக்கு அதே எண். பக்கத்தில் நிற்பவர்களும் அதே ஆட்கள். எனவே பிள்ளைகளுக்கு 'ஜன்னல் ஓரம் மூன்றாவது தட்டு' என்று இடத்தைக் காட்டிப் பயனில்லை. வரிசையைப் படிக்கத்தான் சொல்லித்தர வேண்டும்.

அந்த எண்ணுக்குள்ளேயே ஓர் அறிவியல் பாடம் ஒளிந்திருக்கிறது. 500 என்றால் அறிவியல், 590 விலங்குகள், 597 மீன்கள், 598 பறவைகள், 599 பாலூட்டிகள். திமிங்கிலத்தைத் தேடும் பிள்ளை சுறா இருக்கும் 597இல் துழாவிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். வௌவாலைப் பறவைகளுக்குள் தேடும், அது 599.4இல் இருக்கும். திமிங்கிலமும் வௌவாலும் குட்டி போட்டுப் பால் கொடுப்பவை என்பதை அலமாரியே சொல்லிவிடுகிறது. ஒரு முறை இப்படி ஏமாந்த பிள்ளை பிறகு மறக்காது. ஆனால் வீட்டுப் பூனைக்கு மட்டும் 636.8! அது பசு, நாயோடு கால்நடை வளர்ப்பில் போய்ச் சேர்ந்துவிட்டது. புலியும் பூனையும் ஒரே குடும்பம் என்று அறிவியல் பாடத்தில் படித்த பிள்ளை 'ஏன் சார்?' என்று கேட்டால், நாம் எதற்காக அந்தப் புத்தகத்தைத் தேடுகிறோம் என்பதையும் பார்த்துத்தான் எண் கொடுக்கிறார்கள் என்று சொல்லலாம். எனக்கு அந்தப் பதிலில் முழுத் திருப்தி இல்லை. கேள்வி நல்ல கேள்வி.

இதையெல்லாம் இன்னும் நுணுக்கமாக யோசித்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். இங்கிலாந்துக்குப் படிக்கப் போனபோது லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ பொம்மையின் உதிரிகளை வேண்டியபடி பூட்டுவதைப் பார்த்து, புத்தகத்தின் பொருளையும் அப்படித் துண்டு துண்டாகப் பிரித்துக் கோத்துவிடலாமே என்று நினைத்தார். அதிலிருந்து வந்த கோலன் பகுப்பு 1933இல் நூலாயிற்று. தொடக்கப் பள்ளிக்கு அது கனம் அதிகம். அங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது 1931இல் அவர் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவதை: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து.

கதைப் புத்தகங்களுக்கு எண்ணே வேண்டாம். தமிழ் இலக்கியம் முழுக்க 894.811 என்றுதான் தொடங்கும். சின்னப் பள்ளியில் நூறு புத்தகத்தின் முதுகிலும் அதை எழுதி ஒட்டி என்ன செய்ய? ஆசிரியர் பெயரின் முதல் இரண்டு எழுத்து போதும். இங்கே வேறொரு தடுக்கல், தலைப்பெழுத்து. அழ. வள்ளியப்பாவைப் பிள்ளை 'அ'வில் தேடும். புள்ளிக்கு முன்னால் இருப்பதை விட்டுவிட்டு 'வள்' என்று பார்க்கச் சொல்ல வேண்டும். வாண்டுமாமா அவருக்கு அப்புறம், 'வ'வுக்குப் பிறகுதானே 'வா'? க, ங, ச என்று பாட்டாக ஒப்பிக்கும் பிள்ளைக்கும் 'ழ'வுக்கு முன்னால் என்ன என்று திடீரென்று கேட்டால் மறுபடி 'க'விலிருந்துதான் வர வேண்டும். பதினெட்டு எழுத்தையும் அலமாரி விளிம்பிலேயே ஒட்டிவிடுவது உத்தமம்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இது எதுவும் தேவையில்லை. அட்டைப்படம் தெரியும்படி கயிற்றில் தொங்கவிட்டால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டு வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை போட்டிருப்பது அந்த வயதுக்குச் சரியான வழிகாட்டி. மூன்றாம் வகுப்பில் எழுத்து வரிசை, அப்புறம் எண். சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்து ஐந்தைந்து பேராகச் சுவரோரம் வரிசையில் நிற்கவைத்து, பிறகு அலமாரிக்கு அனுப்பலாம். ஆனால் பீரோவைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்திருக்கும் பள்ளியில் இவை எல்லாம் வெறும் விளையாட்டு.

புத்தகத்தை உருவும்போது அந்த இடத்தில் ஓர் அட்டைப் பட்டையைச் செருகிவிட்டு உருவப் பழக்குங்கள். வேண்டாமென்றால் அதே இடத்தில் வைத்துவிடலாம். படித்து முடித்ததை மேசையில் வைத்தால் போதும். தவறான தட்டில் ஏறிய புத்தகம் பதிவேட்டில் இருக்கும், ஆனால் யார் கையிலும் கிடைக்காது. வரிசை பிடிபட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தட்டை ஒப்படைத்து, வாரம் ஒரு முறை இடமிருந்து வலமாக முதுகுச் சீட்டுகளைப் படித்துச் சரிபார்க்கச் சொல்லலாம். தட்டு விளிம்பில் பெயரையும் ஒட்டிவிட்டால் கவனம் கூடும். 'உன் புலி என் தட்டில் வந்து நிற்கிறது' என்று பக்கத்துத் தட்டுக்காரரோடு சண்டையும் வரும்.