எல்லை தாண்டும் பேருந்தின் செலவு யாருடையது?

புணே நகரின் சுவார்கேட் சந்திப்பில் மூன்று நிர்வாகங்களின் ஊர்திகள் வந்து கூடுகின்றன. ஒருபுறம் மாநில அரசின் எஸ்.டி. பேருந்து நிலையம், மறுபுறம் நகரப் பேருந்துகளின் நிறுத்தம், தரைக்கடியில் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையம். மூன்றும் மக்கள் பணத்தில் உருவானவை. எனினும் மூன்றுக்கும் நிர்வாகம் வேறு, கட்டண விதி வேறு, கணக்குப் புத்தகமும் வேறு. வளர்ந்துவரும் ஒரு பெருநகரத்தின் புறநகர்ப் பயணியை வாட்டும் சிக்கலை இச்சந்திப்பில் சில நிமிடங்கள் நின்றாலே உணர்ந்துகொள்ளலாம்.

நகரின் நடுவில் வீட்டு விலை உயர உயர, நடுத்தரக் குடும்பங்கள் வாகோலி, ஹிஞ்சவடி, சாக்கண், ஊருளி என விலகிச் சென்று குடியேறுகின்றன. வீட்டுக் கடனுக்கான தவணையை நாம் கவனமாகக் கணக்கிடுகிறோம். அந்த வீட்டிலிருந்து நாள்தோறும் வேலைக்கும் கல்லூரிக்கும் சென்றுவர ஆகும் செலவைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. பேருந்து உண்டா, மாலையில் கடைசிப் பேருந்து எப்போது என்ற வினாக்கள் குடும்ப வரவுசெலவையே மாற்றவல்லவை. ஆகவே புறநகர்ப் பேருந்து ஏன் எளிதில் விரிவடைவதில்லை என்பதை இங்கே ஆராய்வோம்.

இரு நகரங்கள், ஒரு நிறுவனம்

புணேயும் பிம்ப்ரி-சிஞ்ச்வடும் ஒட்டிப் பிறந்த இரட்டை நகரங்கள். முன்பு இரண்டு மாநகராட்சிகளும் தனித்தனியே பேருந்துகளை இயக்கிவந்தன. 2007-இல் அவ்விரு அமைப்புகளும் இணைக்கப்பட்டு, பி.எம்.பி.எம்.எல். எனப்படும் புணே மகாநகர் பரிவஹன் மகாமண்டலம் என்ற ஒரே நிறுவனம் உருவாயிற்று. அதன் இயக்கப் பற்றாக்குறையில் புணே மாநகராட்சி 60 விழுக்காட்டையும், பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி 40 விழுக்காட்டையும் ஏற்பது என முடிவாயிற்று. எல்லை கடந்த ஒத்துழைப்புக்கு நம் நாட்டில் இது ஒரு முன்னோடி முயற்சி எனலாம்.

ஆனால் நகரம் அந்த இரு எல்லைகளுக்குள் நிற்கவில்லை. 2017-இல் 11 கிராமங்களும், 2021-இல் 23 கிராமங்களும் புணே மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன; அதன் பரப்பு 500 சதுர கிலோமீட்டரைக் கடந்தது. அதற்கும் வெளியே உள்ள பகுதிகளைத் திட்டமிட 2015-இல் புணே பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையம் நிறுவப்பட்டது. அதன் ஆளுகைப் பரப்பு 6,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. இவற்றுக்கிடையே புணே, கட்கி, தேஹு ரோடு ஆகிய மூன்று படைமுகாம் வாரியங்கள் உள்ளன. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் கட்கியிலிருந்து புறப்படும் ஒருவர், ஒரு மணி நேரப் பயணத்தில் மூன்று அமைப்புகளின் எல்லைகளைக் கடந்துவிடக்கூடும்.

நட்டம் எங்கிருந்து வருகிறது?

நெடுந்தொலைவுப் புறநகர்த் தடங்கள் ஏன் நட்டத்தில் ஓடுகின்றன? கற்பனையாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓட 80 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். நகருக்குள் 10 கிலோமீட்டர் தடத்தில் சென்று திரும்பச் செலவு 1,600 ரூபாய். வழியில் பயணிகள் இறங்குவதும் ஏறுவதுமாக இருப்பதால் ஒரே இருக்கை பலமுறை விற்பனையாகிறது. இருவழியிலும் சேர்த்து 120 பேர் சராசரியாக 12 ரூபாய் கொடுத்தால் வரவு 1,440 ரூபாய். பற்றாக்குறை 160 ரூபாய் மட்டுமே.

இப்போது அதே பேருந்து 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிராமத்துக்குச் செல்கிறது. சென்று திரும்பச் செலவு 4,800 ரூபாய். காலையில் நகரை நோக்கி 50 பேர் தலா 40 ரூபாய் கொடுத்துப் பயணம் செய்கிறார்கள். எதிர்த்திசையில் 15 பேர்தான். வரவு 2,600 ரூபாய். பற்றாக்குறை 2,200 ரூபாய். காலையில் ஒரு திசையிலும் மாலையில் மறுதிசையிலும் மட்டுமே கூட்டம் இருப்பதும், இருக்கை ஒருமுறை மட்டுமே விற்பனையாவதும் இதற்குக் காரணம். நடத்துநரின் திறமைக்குறைவோ, பயணிகளின் குற்றமோ அன்று. தடத்தின் இயல்பே அப்படி.

இந்தப் பற்றாக்குறையை நிரப்புவது யார் என்பதே மையமான வினா. இரண்டு மாநகராட்சிகளும் தங்கள் வரிப்பணத்தில் எல்லைக்கு வெளியே உள்ளோரை ஏன் சுமக்க வேண்டும் எனக் கேட்பதில் நியாயம் உண்டு. நகரின் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வீடுகளிலும் உழைப்பவர்கள் நாங்கள்தானே எனக் கிராமத்தார் கேட்பதிலும் நியாயம் உண்டு. பேருந்து நின்றால் அவர்கள் இருசக்கர வாகனம் வாங்கி அதே நகரச் சாலைக்குத்தான் வருவார்கள். நெரிசலின் விலையை அனைவரும் கொடுப்போம். சிறு ஊராட்சிகளுக்கோ பங்கு செலுத்தும் வசதி இல்லை. எனவே வட்டார வளர்ச்சி ஆணையத்தையும் செலவில் பங்கேற்கச் செய்யும் ஏற்பாடு வந்தது.

ஒரே சாலையில் இரு பேருந்துகள்

கிராமப்புறச் சாலைகள் நெடுங்காலமாக மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் களம். 1948 ஜூன் 1 அன்று அதன் முதல் பேருந்து புணே-அகமதுநகர் தடத்தில்தான் ஓடியது. 2021 இறுதியில் அக்கழக ஊழியர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீடித்தது. சிவப்பு நிற ‘லால்பரி’ வராத கிராமங்களுக்கு நகரப் பேருந்து சென்றது. வேலைநிறுத்தம் முடிந்தபின், தன் வருவாய் குறைவதாக மாநிலக் கழகம் முறையிட்டது. 2022 நவம்பரில் 40 கிராமப்புறத் தடங்களை நிறுத்த நகர நிறுவனம் முடிவு செய்தது. ஊர்மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

இதில் எந்தத் தரப்பையும் குறைகூறுவது எளிதன்று. ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கைத்தான் பார்த்தது. ஆனால் கல்லூரிக்குச் செல்லும் மாணவிக்கும், சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் உழவருக்கும் பேருந்தின் நிறம் பொருட்டன்று. அது நேரத்துக்கு வருவதே பொருட்டு. இரு கணக்குகளையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு எவரிடமும் இல்லாதபோது, இழப்பு பயணியின் தலையில் விழுகிறது.

கட்டணத்திலும் எல்லைக்கோடு தெரிகிறது. 2025 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, நகர நிறுவனத்தின் நாள் பயண அட்டை இரு மாநகராட்சிகளுக்குள் 70 ரூபாய்; வட்டாரம் முழுமைக்கும் 150 ரூபாய். குறைந்த வாடகைக்காக வெளியே குடியேறியவர் பயணத்துக்கு இருமடங்குக்கும் மேலாகச் செலுத்துகிறார்.

பிற நகரங்கள் கண்ட வழி

சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாநில அரசுக்கே உரியது. ஆகவே அதன் பேருந்து அண்டை மாவட்டங்களுக்குள் செல்லும்போது மாநகராட்சிகளுக்கிடையே பேரம் எழுவதில்லை. அங்கும் பேருந்து, புறநகர் இரயில், மெட்ரோ ஆகியவை வெவ்வேறு கைகளில் இருந்தன. அவற்றை ஒருங்கிணைக்க ஆணையம் அமைக்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 2019-இல். மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு வழங்கும் ‘சென்னை ஒன்று’ செயலி 2025 செப்டம்பரில் அறிமுகமாயிற்று. சட்டத்துக்கும் சீட்டுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள்!

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1965-இலேயே பல நிறுவனங்கள் ஒரே கட்டணக் கூட்டமைப்பாக இணைந்தன. சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் 1990-இல் தோன்றிய கூட்டமைப்பு, பற்றாக்குறையில் பாதியை மாநிலத்துக்கும் பாதியை ஊராட்சிகளுக்கும் ஒதுக்குகிறது. ஊராட்சிகளின் பங்கு பெரும்பாலும் அவற்றுக்குக் கிடைக்கும் சேவையின் அளவையும், ஓரளவு அவற்றின் வரி வலிமையையும் பொறுத்தது. அதிகம் பெறுபவர் அதிகம் தருகிறார். வறிய ஊருக்குச் சற்றே தளர்வு. சண்டைக்கு வாய்ப்பளிக்காத சூத்திரம் முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதே அதன் வலிமை.

புணேவுக்கும் இப்பாடம் பொருந்தும். புதிய பேருந்துகள் வாங்குவது தேவைதான். ஆனால் ஓர் ஊருக்குள் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, அதற்கு யார் எவ்வளவு தருவது, எஸ்.டி.யும் நகரப் பேருந்தும் எந்தத் தடத்தை எப்படிப் பகிர்வது என்பன எழுத்தில் தீர்மானமாகாவிட்டால், இன்று தொடங்கும் தடம் நாளை நின்றுபோகலாம். நின்றுபோகாது என்ற உறுதியே புறநகர்ப் பயணிக்கு முதல் தேவை.

அதுவரை நம் கையில் உள்ளதை நாம் செய்யலாம். புறநகரில் வீடு பார்க்கும்போது, விற்பவர் சொல்லும் நிமிடக் கணக்கை நம்பி அமையாமல், ஒரு வேலைநாள் காலையில் அங்கிருந்து பேருந்தில் அலுவலகம் சென்று மாலையில் திரும்பிப் பார்ப்பது நன்று. பேருந்து இல்லையெனில் இருசக்கர வாகனத்தின் தவணை, எரிபொருள், காப்பீடு ஆகியவற்றை வீட்டுத் தவணையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையே வீட்டின் உண்மையான மாதச் செலவு.